என் அண்ணன் பெயருக்குப் பின்னால் ஒட்டியதை எடுத்துவிடுங்கள்

எங்கள் ஊர் இளைஞர் சங்கத் தம்பிகளுக்கும், அவர்களுக்குப் பின்னால் நிற்கும் பெரியவர்களுக்கும், ஊராட்சியைப் பார்த்துக்கொள்ளும் தனி அலுவலர் அவர்களுக்கும்,

ஊருக்குப் பிரிகிற ரோட்டு முனையில், பஸ் நிற்கிற ஊர் விலக்கில், நீங்கள் புதிதாகக் கட்டியிருக்கும் பீடத்தில் என் அண்ணன் பெயருக்குப் பின்னால் ஒரு சாதிப் பட்டம் இருக்கிறது. உயிரோடு இருந்தவரை அவன் அந்தப் பட்டத்தைப் போட்டுக்கொண்டதில்லை. பள்ளிக்கூடச் சான்றிதழில் கிடையாது. ராணுவப் பதிவேட்டில் கிடையாது. 1971 டிசம்பரில் எங்கள் வீட்டுக்கு வந்த தந்தியில் கிடையாது. பிற்பாடு அவன் வீரத்துக்காக வந்த சேனா பதக்கத்தின் சான்றிலும் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்து, அப்புறம் அவன் பெயர், அவ்வளவுதான். செத்து அரை நூற்றாண்டு கழித்து அவனுக்குப் பட்டம் கட்ட உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது?

அது மட்டும் என்றால் உங்களை வீட்டுக்குக் கூப்பிட்டே பேசியிருப்பேன். உங்களில் பாதிப் பேருக்கு அனா ஆவன்னா சொல்லிக்கொடுத்தவள் நான். ஆனால் அந்த இடத்தில் ஏற்கெனவே ஒரு கல் நின்றது. அதில் இரண்டு பெயர்கள் இருந்தன. உங்கள் பீடத்தில் ஒன்றுதான் இருக்கிறது. அதனால்தான் ஊரறிய எழுதுகிறேன்.

பழைய கல்லின் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. மதுரையிலிருந்து உசிலம்பட்டி போகிற இந்தப் பக்கமெல்லாம் அன்றைக்கு முழுக்க மானாவாரி. 58 கிராமப் பாசனக் கால்வாயில் தண்ணீர் வருகிற காலமில்லை அது. மழை பெய்தால் சோளம், இல்லையென்றால் கூலிவேலை. பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்தால் மேலத்தெருவிலிருந்தும் போவார்கள், காலனியிலிருந்தும் போவார்கள். மார்பளவு பார்த்தார்களே தவிர, எந்தத் தெரு என்று அங்கே யாரும் கேட்கவில்லை. அப்படிப் போனவர்களில் இரண்டு பேர் 1971 போரில் திரும்பி வரவில்லை. ஒருவன் என் அண்ணன். மேற்கே, பாகிஸ்தானின் ஷகர்கர் பகுதியில் போனான். இன்னொருவர் காலனிக்காரர். கிழக்கே, இன்றைய வங்கதேசத்தில் போனார். அவரை இப்போது நானும் அண்ணன் என்றுதான் சொல்கிறேன். அப்போது எங்கள் தெருவில் அப்படிக் கூப்பிடும் வழக்கம் இல்லை.

கார்கில் போர் 1999-ல் நடந்தபோது தேசியக்கொடி போர்த்திய பெட்டிகள் ஊர் ஊராக வந்ததை டிவியில் பார்த்திருப்பீர்கள், அல்லது பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். 1971-ல் அதெல்லாம் கிடையாது. பெரும்பாலும் போர்முனையிலேயே எரித்துவிடுவார்கள். வீட்டுக்குத் தந்தி வரும். பிறகு ஒரு டிரங்குப் பெட்டி வரும். எங்களுக்கு வந்த பெட்டியில் இரண்டு சட்டை, ஒரு கம்பளி, அம்மா அனுப்பிய கடிதங்கள் இருந்தன. எடுத்து அடக்கம் செய்ய எதுவும் இல்லை. பால் ஊற்ற ஒரு இடம் இல்லை. அம்மா ரொம்ப நாள் அந்தத் தந்தியை நம்பவே இல்லை.

போர் முடிந்து சில வருஷம் கழித்து, விடுப்பிலும் ஓய்விலும் ஊர் வந்த பட்டாளத்துக்காரர்கள் தங்களுக்குள் பணம் போட்டுக் கல் நட்டார்கள். மேலத்தெருக்காரர்களும் காலனிக்காரர்களும் சேர்ந்துதான் போட்டார்கள். என் அப்பாவிடம் பத்து ரூபாய்கூட வாங்க மறுத்துவிட்டார்கள். கல்லை ஊருக்குள்ளே வைக்கலாம் என்று பெரியவர்கள் சொன்னபோது அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. ஊருக்குள்ளே வைத்தால் காலனிக்காரர்கள் வந்து பூப்போட முடியாது. காலனிக்குள் வைத்தால் நம் ஆட்கள் போகமாட்டார்கள். ஊர் விலக்கு வேப்பமரத்தடி என்றால் இரண்டு பக்கமும் பஸ்ஸுக்கு வந்துதான் ஆகவேண்டும். யோசித்துத்தான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இரண்டு பெயரும் ஒரே அளவு எழுத்தில் இருந்தன. என் அண்ணனுக்குப் பதக்கம் உண்டு, அவருக்குக் கிடையாது. பதக்கம் வாங்கியவன் பெயரை மேலே பெரிதாகப் போடலாமே என்று யாரோ கேட்டதற்கு, கல்லுக்கு முன்நின்ற ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர், "சாவில என்னய்யா பெரிய சாவு, சின்ன சாவு?" என்று கேட்டதாக அப்பா சொல்வார். பெயர், பதவி, படைப்பிரிவு, போர் நடந்த இடம், வருஷம். வேறு ஒரு சொல் அந்தக் கல்லில் இல்லை.

நாம் கல் நட்டுப் பழகிய மண்ணில் இருக்கிறோம். ஆண்டிப்பட்டி பக்கம் வைகைக் கரையில் புலிமான்கோம்பையில் 2006-ல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டெடுத்த நடுகற்கள் இரண்டாயிரம் வருஷத்துக்கும் மேல் பழையவை. தமிழ் பிராமி எழுத்தில் இருக்கிற அதில் ஒரு கல், கூடலூரில் மாடு பிடிக்க நடந்த சண்டையில் செத்தவனுக்கு நட்டது. ஆள் யார், எங்கே நடந்த சண்டை என்று நாலைந்து சொல்லோடு முடித்துவிட்டார்கள். நன்கொடையாளர் பட்டியல் இல்லை. திறப்பாளர் பெயர் இல்லை.

உங்கள் பீடத்துக்கு வருகிறேன். கறுப்பு கிரானைட், ஸ்டீல் எழுத்து, சுற்றிலும் பேவர் பிளாக். திருப்பூரிலும் சென்னையிலும் வேலை பார்க்கிற பையன்கள் சம்பளத்தில் மிச்சம் பிடித்து அனுப்பிய காசு என்று தெரியும். அந்த அக்கறையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் என் அண்ணனைப் பற்றி அதில் எழுதியிருக்கிற எதுவும் சரியில்லை.

'பரம்வீர் சக்கரம் பெற்ற மாவீரன்' என்று போட்டிருக்கிறீர்கள். போர்க்கள வீரத்துக்கு நாட்டிலேயே மிக உயர்ந்த விருது அது. 1971 போருக்கு அந்த விருதை வாங்கியவர்கள் நாலே பேர். ஆல்பர்ட் எக்கா, நிர்மல்ஜித் சிங் செகோன், அருண் கேத்தர்பால், ஹோஷியார் சிங். இவர்களில் ஹோஷியார் சிங் ஒருவர்தான் உயிரோடு இருந்து வாங்கினார். என் அண்ணன் வாங்கியது சேனா பதக்கம். வெள்ளியில் வட்டமாக இருக்கும், ஒரு பக்கம் செங்குத்தாக நிற்கும் துப்பாக்கிமுனைக் கத்தி, மறுபக்கம் ஒரு சிப்பாய். அப்பா ரயிலேறி பெங்களூர் போய் வாங்கி வந்தார். எங்கள் பீரோவில்தான் இருக்கிறது. கேட்டிருந்தால் காட்டியிருப்பேன். இன்னொருவருக்குக் கொடுத்த விருதை இவன் பெயரில் எழுதினால், இவன் வாங்கியது போதாது என்றுதானே அர்த்தம்?

'எதிரிகளைச் சுட்டு வீழ்த்திய சிங்கம்' என்றும் எழுதியிருக்கிறீர்கள், கையில் ஏகே-47 படத்தோடு. அவன் துப்பாக்கி தூக்கிச் சண்டை போட்டதற்காகப் பதக்கம் வாங்கவில்லை. அவன் சாப்பர். பெங்களூரில் அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் இருக்கிற மதராஸ் சாப்பர்ஸில் பயிற்சி எடுத்தவன். பாலம் போடுவது, ரோடு போடுவது, கண்ணிவெடி எடுப்பதுதான் அவர்கள் வேலை. ஷகர்கர் பகுதியில் பசந்தர் ஆற்றுப் பக்கம் பாகிஸ்தான்காரர்கள் அகல அகலமாகக் கண்ணிவெடி புதைத்து வைத்திருந்தார்கள். அதைத் தாண்டாமல் நம் டாங்கிகள் போக முடியாது. டாங்கிக்கு வைக்கிற கண்ணி மனிதன் மிதித்தால் பொதுவாக வெடிக்காது, பாரம் வேண்டும். ஆனால் அதை எடுக்க வருகிறவனைக் கொல்ல இடையிடையே சின்னக் கண்ணிகளையும் புதைத்திருப்பார்கள். இருட்டில் குப்புறப் படுத்துக்கொண்டு, மண்ணைச் சாய்வாகக் குத்திக் குத்தித் தடவிப் பார்த்து, கிடைத்ததை எடுத்துவிட்டு, சுத்தமான பாதைக்கு இரண்டு பக்கமும் வெள்ளை நாடா கட்டிக்கொண்டே போகவேண்டும். மேலே பீரங்கிக் குண்டு விழுந்துகொண்டிருக்கும். திருப்பிச் சுட முடியாது, கை மண்ணில் இருக்கிறது. அந்தப் போரில் அந்த வேலையைச் செய்தபடி இறந்த சாப்பர் அதிகாரி மேஜர் விஜய் ரத்தன் சௌத்ரிக்கு, பரம்வீர் சக்கரத்துக்கு அடுத்த விருதான மகாவீர் சக்கரம் கொடுத்தார்கள்.

என் அண்ணன் கூட இருந்தவர் ஒருவர் பிற்பாடு எங்கள் வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்து சொன்னது இது. அடிபட்ட பிறகும் அவன் நாடாவின் முனையை விடாமல் அடுத்தவன் கையில் கொடுத்துவிட்டுத்தான் சரிந்தான். அந்தப் பாதையில்தான் பிறகு வண்டிகள் போயின. அவன் யாரையும் கொன்றதாக அவர் சொல்லவில்லை. மற்றவர்கள் சாகாமல் தாண்டிப் போக வழி செய்துவிட்டுச் செத்தான். தம்பிகளே, இதைவிட ஏகே-47 உங்களுக்குப் பெரிதாகப் படுகிறதா? 1971-ல் நம் பட்டாளத்தின் கையில் அந்தத் துப்பாக்கியே கிடையாது என்பது வேறு விஷயம்.

அந்த மீசையையும் சொல்லிவிடுகிறேன். எங்களிடம் இருப்பது அவனுடைய ஒரே படம். டவுன்ஹால் ரோட்டு ஸ்டூடியோவில் எடுத்தது. இருபத்திரண்டு வயசு, ஒல்லி, மீசை அரும்பிய அளவுதான். உங்கள் ஃபிளெக்ஸ்காரர் அதற்கு முறுக்கு மீசை வைத்து, தோளை அகலப்படுத்தி, கண்ணைச் சிவக்க வைத்திருக்கிறார். அம்மா இருந்திருந்தால் இது யார் என்று கேட்டிருப்பாள்.

இதையெல்லாம்கூட அறியாப் பிள்ளைகள் என்று விட்டுவிடலாம். விட முடியாதது இன்னொன்று.

பீடத்துக்குப் பள்ளம் தோண்டிய ஜேசிபி பழைய கல்லைப் பெயர்த்துப் போட்ட மறுவாரம், காலனியிலிருந்து ஒரு பெண் என்னைப் பார்க்க வந்தாள். சத்துணவு மையத்தில் சமையல் வேலை பார்க்கிறவள். உங்கள் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் சமைத்துப் போட்டாள். அவள் பிறந்தபோது அவள் அப்பா உயிரோடு இல்லை. அவரைப் பார்த்ததில்லை. அவர் படம்கூட அவர்கள் வீட்டில் இல்லை, ஒரு மழைக்காலத்தில் சுவர் இடிந்தபோது போய்விட்டது. அவர் பெயர் எழுதி வைத்திருந்த ஒரே இடம் அந்தக் கல். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அதைத் தொட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள், எனக்குத் தெரியும். கல்யாணப் பத்திரிகையைக்கூடக் கல்லடியில் வைத்துவிட்டுத்தான் ஊருக்குக் கொடுத்தாள்.

சண்டைக்கு வரவில்லை அவள். வாசலில் நின்றுகொண்டு, "டீச்சர், புதுசுல எங்க அப்பா பேரு எப்ப எழுதுவாங்க?" என்றுதான் கேட்டாள். இடம் பற்றாமல் விட்டுப்போயிருக்கும், அடுத்த வாரம் எழுதிவிடுவார்கள் என்று நினைத்திருக்கிறாள். நான் சங்கத்துக்காரர்களிடம் கேட்டதற்கு வந்த பதில்: "அவங்க ஆளுக்கு அவங்க வச்சுக்கட்டும் டீச்சர். நமக்கு எதுக்கு?"

டெல்லியில் தேசியப் போர் நினைவகம் 2019 பிப்ரவரி 25-ல் திறக்கப்பட்டது. சுதந்திரத்துக்குப் பிறகு உயிர் விட்ட 25,000-க்கும் மேற்பட்ட படைவீரர்கள் பெயரை கிரானைட்டில் பொறித்து வட்ட வட்டமாகச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். என் பேரன் போய்ப் படம் எடுத்து வந்தான். அந்தச் சுவர்களில் என் அண்ணன் பெயரும் இருக்கிறது, அந்தப் பெண்ணின் அப்பா பெயரும் இருக்கிறது. இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் சேர்ந்து இருக்க முடிகிறவர்கள் சொந்த ஊர் பஸ் ஸ்டாப்பில் இருக்க முடியாதா?

விளைவு ஏற்கெனவே தெரிய ஆரம்பித்துவிட்டது. பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற அக்னிவீர் தேர்வுக்காக விடியற்காலையில் இரண்டு பக்கத்துப் பையன்களும் அந்த ரோட்டில்தான் 1,600 மீட்டர் ஓடிப் பழகுவார்கள். நாலு வருஷ வேலைதான், நாலில் ஒருவருக்குத்தான் நிரந்தரம், அதற்கும் இத்தனை ஓட்டம். அது எனக்குத் தனி வருத்தம். முன்பெல்லாம் விலக்குக் கல்லைத் தொட்டுவிட்டுத் திரும்புவார்கள். பீடம் வந்த பிறகு காலனிப் பையன்கள் பாதி வழியிலேயே திரும்புகிறார்கள். ஏன் என்று கேட்டால் சிரிக்கிறார்கள். நீங்கள் பீடத்துக்கு அடித்த பெயிண்டும், பள்ளிக்கூடத்தில் சில பையன்கள் கையில் கட்டிக்கொண்டு திரியும் சாதிக் கயிறும் ஒரே நிறம். அவர்களுக்குத் தெரியாதா?

அடுத்த கட்டமாக வெண்கலச் சிலை என்று பேச்சு அடிபடுகிறது. வேண்டாம். மதுரை மாவட்டத்தில் கம்பி வலைக்குள் நிற்கிற தலைவர்கள் சிலை எத்தனை என்று பஸ்ஸில் போகும்போது பாருங்கள். யாராவது செருப்பு மாலை போட்டுவிடுவார்களோ, கையை உடைத்துவிடுவார்களோ என்று போலீஸ் காவல். பிறந்தநாளுக்கு மட்டும் கூண்டைத் திறந்து மாலை போடுகிறார்கள். என் அண்ணன் கூண்டுக்குள் நிற்கவேண்டிய ஆள் இல்லை. போதாததற்கு, பொதுச் சாலையில் சிலை வைக்க அனுமதி தரக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜனவரியிலேயே மாநிலங்களுக்குச் சொல்லியிருக்கிறது. தனி அலுவலர் அவர்களுக்கு இது தெரிந்திருக்கும்.

பெயர் வைப்பதில் தீ பிடித்த கதை நமக்குப் புதிதில்லை. 1997-ல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு, கட்டபொம்மன் படையில் இருந்தவரும் ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தவருமான வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தபோது தென் மாவட்டங்களில் கலவரம் வெடித்தது. கடைசியில் எல்லாக் கழகங்களிலிருந்தும், மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரை அரசு எடுத்துவிட்டது. நம் ஊருக்கு வந்துபோன பாண்டியன் பஸ்கூடப் பெயர் மாறியது அப்போதுதான். சல்லிக்கட்டில் மாடு அவிழ்க்கும்போது சாதிப் பெயர் சொல்லி அறிவிக்கக் கூடாது என்று வாடிவாசலுக்கே கட்டுப்பாடு வந்துவிட்டது. மாட்டுக்கு வேண்டாம் என்றதை மனிதனுக்கு, அதுவும் செத்தவனுக்கு, நீங்கள் ஒட்டுகிறீர்கள்.

"உங்க அண்ணனுக்குப் பெருமைதானே டீச்சர், சொந்தக்காரங்களே எதிர்த்தா எப்படி?" என்று கேட்டீர்கள். விழா அழைப்பிதழில் என் பெயரை முன்னிலை என்று போட்டுவிட்டு அதற்குப் பிறகுதான் என்னிடம் காட்டினீர்கள். அவன் படத்தை ஒன்றுவிட்ட தம்பியின் வாட்ஸ்அப்பிலிருந்து எடுத்திருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் கூடப் பிறந்தவர்களில் இப்போது இருப்பது நான் மட்டும்தான். ஆகவே அவன் சார்பில் நான் பேசலாம் என்றே நினைக்கிறேன்.

நான் கேட்பது இதுதான்.

பீடத்தில் என் அண்ணன் பெயருக்குப் பின்னால் இருக்கிற ஸ்டீல் எழுத்துகளைக் கழற்றுங்கள். 'பரம்வீர் சக்கரம்' என்பதை எடுத்துவிட்டு 'சேனா பதக்கம்' என்று போடுங்கள். சுட்டு வீழ்த்திய வாசகம், துப்பாக்கிப் படம், மூன்று பக்கமும் ஒட்டியிருக்கிற தலைவர்கள் படம், அந்தப் பெயிண்ட் எல்லாம் போகவேண்டும். நன்கொடை கொடுத்தவர்கள் பெயரைப் பின்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

பழைய கல்லைப் பழைய இடத்தில், வேப்பமரத்தடியில், பீடத்துக்கு முன்னால் நடவேண்டும். பீடத்திலும் இரண்டாவது பெயரை அதே அளவு எழுத்தில் சேர்க்கவேண்டும். சேர்க்க மனமில்லையென்றால் என் அண்ணன் பெயரையும் எடுத்துவிடுங்கள். வெறும் பீடத்தை என்ன செய்வதென்று பிறகு நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

டிசம்பரில் நீங்கள் வைத்திருக்கும் விழாவுக்கு, இவை நடக்காதவரை, என் பெயரையோ அவன் படத்தையோ பயன்படுத்த எங்கள் குடும்பம் சம்மதிக்கவில்லை. நடந்தால் நானே வருகிறேன், பதக்கத்தையும் கொண்டுவருகிறேன். ஆனால் முதல் மாலையை அந்தப் பெண்தான் போடவேண்டும்.

தனி அலுவலர் அவர்களுக்கு: விலக்கு இடம் புறம்போக்கு. அங்கே பீடம் கட்ட யார் அனுமதி கொடுத்தார்கள், கல்லைப் பெயர்க்க யார் உத்தரவு போட்டார்கள் என்பதை எழுத்தில் தெரிவிக்கவேண்டும். சிலைக்கு அனுமதி கேட்டு மனு வந்தால், எங்கள் குடும்பத்தின் ஆட்சேபணையை அந்தக் கோப்பில் சேர்த்துக்கொள்ளவேண்டும். இந்த மடலின் நகலைக் கையெழுத்திட்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும், முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். பொங்கலுக்குள் ஒன்றும் நடக்கவில்லையென்றால் திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் நானும் அந்தப் பெண்ணும் சேர்ந்து போய் மனு கொடுப்போம்.

கல் உடையவில்லை. ஊராட்சி அலுவலகத்துக்குப் பின்னால், பழைய குப்பை வண்டிக்கு அடியில் கவிழ்ந்து கிடக்கிறது, போய்ப் பார்த்துவிட்டேன். டிராக்டர் வாடகையையும் ஆள் கூலியையும் நான் தருகிறேன். எந்தக் கிழமை எடுக்கிறீர்கள் என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
சாப்பரின் தங்கை,
ஓய்வுபெற்ற ஆசிரியை